கடலடி மாக்மா ஏரி மாதிரி தேங்கி நிற்கிறதா?

கேள்வி: கடலுக்கடியில் இருக்கும் எரிமலைத் தொடர்களுக்குக் கீழே மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) பெரிய ஏரி மாதிரி தேங்கி நிற்குமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: இல்லைங்க. பாடப்புத்தகப் படங்களைப் பார்த்துப் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிழக்குப் பசிபிக் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கடல்தரைக்குக் கீழே சுமார் 1.5 கிலோமீட்டரில் இருப்பது ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத மெல்லிய மாக்மாத் தட்டுதான். அதற்கும் அடியில் பெரும்பாலும் படிகங்கள், ஐஸ் கச்சாங்கில் துருவிய ஐஸுக்கு இடையே சிரப் ஊறி நிற்பதுபோல அவற்றுக்கிடையே கொஞ்சம் உருகிய பாறை. கடல்தரை மெதுவாக விரியும் அட்லாண்டிக் தொடரில் பல இடங்களில் இந்தத் தட்டுகூடக் கிடையாது.

அழுத்தம் ஏறினால் மாக்மா பாறையைப் பிளந்துகொண்டு மேலே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். எனக்கு இதுதான் பெரிய வியப்பு. அமெரிக்காவின் ஒரிகன் கரைக்கு அப்பால் ஆக்சியல் என்ற கடலடி எரிமலையில் மாக்மா சேர்வதையும் வெளியேறுவதையும் அளந்தே பார்த்துவிட்டார்கள்: மாக்மா சேரச் சேரக் கடல்தரை உப்பியது, 2015இல் வெடித்தபோது 2 மீட்டருக்கும் மேல் இறங்கியது, அப்புறம் மறுபடி உப்பத் தொடங்கியது.