உடம்பு எடையும் நம்ம சாப்பாடும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம். திருச்சில ஒரு ஆஸ்பத்திரில டயட்டீஷியனா இருக்கேன். இன்னைக்கு லீவு, ராத்திரி வரைக்கும் பதில் போடுறேன். "என்ன சாப்பிட்டா குறையும்"னு மட்டும் கேக்காம ஒரு நாள்ல என்னெல்லாம் வாய்க்குள்ள போகுதுன்னு எழுதுங்க, டீ, கடலை மிட்டாய், பிள்ளைங்க தட்டுல மிச்சம் வச்சது எல்லாம் சேத்து. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க மட்டும் உங்க டாக்டர்ட்ட கேக்காம எதையும் மாத்திடாதீங்க.

மதுரைக்காரன்: மேடம், வயசு 44, எடை 86. நைட் சோற விட்டுட்டு சப்பாத்திக்கு மாறி ஆறு மாசம் ஆச்சு. 4 சப்பாத்தி, குருமா, அவ்ளோதான். ஒரு கிலோ கூட இறங்கல. சப்பாத்தி நல்லதுன்னு தானே எல்லாரும் சொல்றாங்க?

சார், வாரத்துக்கு பாதி பேர் இதே கேள்வியோட தான் வராங்க. 100 கிராம் அரிசில 350 கலோரிக்கு கொஞ்சம் கூட இருக்கும், 100 கிராம் கோதுமை மாவுல 320 சொச்சம். பெரிய வித்தியாசம் இல்ல. இப்ப உங்க தட்டுக்கு வருவோம். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவுன்னு வச்சா நாலுக்கு 120 கிராம், கிட்டத்தட்ட 385 கலோரி. கல்லுல போடும்போது சுத்தி ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுவாங்கல்ல, அது ஒவ்வொண்ணும் 45, நாலுக்கு 180. இதுக்கு மேல தேங்காயும் முந்திரியும் அரைச்சு ஊத்துன குருமா வேற. முன்னாடி நீங்க ஒன்றரை கப் சோறும் ரசமும் சாப்பிட்டிருந்தா அது ஒரு 300, 350ல முடிஞ்சிருக்கும். சோற விட்டீங்க, அதவிட பெருசா ஒண்ண உள்ள கொண்டு வந்துட்டீங்க.

நைட்டு சோறே சாப்பிடுங்க, தப்பே இல்ல, ஒரு கப் சோறு, அதே அளவுக்கு பொரியல், கூட முட்டையோ மீனோ சுண்டலோ. இல்ல சப்பாத்திதான் வேணும்னா எண்ணெய் இல்லாம சுட்டு ரெண்டு, குருமாவுக்கு பதிலா பருப்பு கூட்டு.

நாலு பேர் குடும்பம்: அக்கா எங்க வீட்ல பொரிச்சது எல்லாம் எப்பவாச்சும்தான். செக்கு எண்ணெய்தான் வாங்குறோம். ஆனாலும் நான், வீட்டுக்காரர் ரெண்டு பேருமே குண்டாயிட்டே போறோம்.

ஒரு மாசத்துக்கு எவ்ளோ எண்ணெய் வாங்குறீங்க?

நாலு பேர் குடும்பம்: 5 லிட்டர் கேன் ஒண்ணு அக்கா. நெய் தனி.

சரி, கணக்கு போடுவோம். 5 லிட்டர்னா சுமார் நாலரை கிலோ. நாலு பேர், 30 நாள், வகுத்தா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 37 கிராம் சொச்சம் வருது. எந்த எண்ணெயா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி, செக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ரீஃபைண்ட் எல்லாம் இதுல ஒண்ணுதான், அப்ப 340 கலோரி எண்ணெய்லயே போயிடுது. உங்க பிள்ளைங்க சின்னவங்கன்னா பெரியவங்க ரெண்டு பேர் பங்கு இன்னும் அதிகம். பொதுவா நாங்க சொல்றது ஒரு ஆளுக்கு மாசம் அரை லிட்டர். அதாவது உங்க வீட்டுக்கு 2 லிட்டர். ஒரேயடியா குறைச்சா வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க, அடுத்த மாசம் 4 வாங்குங்க, அப்புறம் 3. கேன்லேருந்து நேரா சட்டில சாய்க்காதீங்க, ஸ்பூன்ல அளந்து ஊத்துங்க, இந்த ஒண்ணுலயே நிறைய குறையும். இட்லிப்பொடிக்கு குழி பறிச்சு ஊத்துற நல்லெண்ணெயும் இந்த கணக்குலதான் வரும் 🙂

ஐடி கூலி, சென்னை: கலோரி தானே கணக்கு? அப்ப 400 கலோரிக்கு பிஸ்கட், சிப்ஸ் சாப்பிட்டாலும் 400 கலோரிக்கு வீட்டு சாப்பாடு சாப்பிட்டாலும் ஒண்ணுதானே?

பேப்பர்ல ஒண்ணுதான். ஆனா நீங்க 400ல நிறுத்துவீங்களாங்கறதுதான் விஷயம். 2019ல அமெரிக்கால தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால்னு ஒருத்தரோட டீம் ஒரு சோதனை பண்ணாங்க. 20 பேர உள்ளயே தங்க வச்சு, ரெண்டு வாரம் பாக்கெட், ஃபேக்டரி உணவு, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச உணவு. முன்னாடி வைக்கிற சாப்பாட்டுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமா இருக்குற மாதிரி பாத்துக்கிட்டாங்க, எவ்ளோ வேணா சாப்பிடுங்கன்னு விட்டுட்டாங்க. பாக்கெட் உணவு வாரங்கள்ல ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி அதிகமா உள்ள போயிருக்கு, ரெண்டு வாரத்துல சராசரியா 0.9 கிலோ ஏறிருக்காங்க, சமைச்ச உணவுல அதே அளவு இறங்கிருக்காங்க. யாரும் பேராசைல சாப்பிடல, அது மெல்லவே வேண்டாம், சீக்கிரம் உள்ள போயிடுது, வயிறு நிறைஞ்சது தெரியுறதுக்குள்ள பாக்கெட் காலி. ஆஃபீஸ்ல உங்க டேபிள் டிராயர்ல என்ன இருக்குன்னு பாருங்க, அதுக்கு பதிலா வறுத்த கடலை ஒரு கைப்பிடி, கொய்யா ஒண்ணு வைங்க.

தொப்பை மட்டும்: உயரம் 5.7, எடை 64 தான் மேடம், கை கால் எல்லாம் ஒல்லி. ஆனா தொப்பை. ஷுகர் பார்டர்ல இருக்குன்னு சொல்லிட்டாங்க. நான் எடை குறைக்கணுமா ஏத்தணுமா?

நல்ல கேள்வி. 2004ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு போட்டோ வந்துச்சு, புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற அளவு, ஒரே 22.3. ஆனா லண்டன்காரர் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. நம்ம ஊர் உடம்பு வாகே அப்படி, வெளிய ஒல்லி உள்ள கொழுப்பு. அதனாலதான் நமக்கு பிஎம்ஐ 23லயே எச்சரிக்கை, இடுப்பு ஆம்பளைக்கு 90 செ.மீ, பொம்பளைக்கு 80 தாண்டக்கூடாதுங்கறாங்க. நீங்க எடை மெஷின விட்டுட்டு இஞ்ச் டேப் எடுங்க. சோறு கொஞ்சம் குறைச்சு பருப்பு, முட்டை, தயிர், மீன் கூட்டுங்க, வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் வெயிட் தூக்குற உடற்பயிற்சி. எடை 64லயே நின்னாலும் பரவால்ல, பேண்ட் லூசானா சரி.

புது டயட்: ஒரு வாரத்துல 3 கிலோ போச்சு!!! சோறு, இட்லி எதுவும் தொடல. இப்ப ரெண்டாவது வாரம் நின்னு போச்சு, ஏன்?

மாவுச்சத்த நிறுத்துனா உடம்பு சேத்து வச்ச கிளைக்கோஜன் (மாவுச்சத்தோட சேமிப்பு) கரையும், அதுல ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணிய புடிச்சு வச்சிருக்கும், அதுவும் சேந்து போயிடும். போனதுல பெரும்பகுதி தண்ணி. ஒரு கிலோ கொழுப்பு கரையணும்னா சுமார் 7,700 கலோரி குறையணும், 3 கிலோன்னா 23,000, ஒரு வாரத்துல பட்டினி கிடந்தா கூட வராது. நின்னு போகல, இப்பதான் உண்மையான கணக்கே ஆரம்பிக்குது. வாரத்துக்கு அரை கிலோ இறங்குனா சந்தோஷப்படுங்க.

ஹாஸ்டல் பையன்: அக்கா எல்லாரும் குறைக்க கேக்குறாங்க, நான் 47 கிலோ, ஏத்தணும். பாட்டி இளைச்சவனுக்கு எள்ளுங்குறாங்க.

பாட்டி சொல்றது கரெக்ட் தம்பி. எள்ளுல பாதிக்கு பாதி எண்ணெய், கொஞ்சம் தின்னாலே நிறைய கலோரி. கொள்ளுல கொழுப்பு ரொம்ப கம்மி, புரதமும் நாரும் ஜாஸ்தி, வயிறு டக்குனு நிறைஞ்சிடும், அதனாலதான் கொழுத்தவனுக்கு அது. ஹாஸ்டல்ல எள்ளுருண்டை, கடலை உருண்டை, வாழைப்பழம், பால், ரெண்டு முட்டை, இத மூணு வேளை சாப்பாட்டுக்கு நடுவுல சேத்துக்கோ. சாப்பாட்டுக்கு முன்னாடி வயிறு முட்ட தண்ணி குடிக்காத. சும்மா இருக்கும்போதே எடை தானா இறங்கிட்டிருந்தா மட்டும் முதல்ல டாக்டர பாரு.

கைக்குழந்தை அம்மா: டெலிவரி ஆகி 4 மாசம். மாமியார் நெய்யும் பூண்டுக் குழம்பும் கொட்டுறாங்க, 12 கிலோ ஏறிருக்கேன். பட்டினி இருக்கலாமா?

வேண்டாம்மா. பால் குடுக்குற வரைக்கும் உனக்கு ஒரு நாளைக்கு 500, 600 கலோரி கூடுதலா தேவை. பூண்டு இருக்கட்டும், மீன் இருக்கட்டும், நெய்ய மட்டும் ஸ்பூன் கணக்குக்கு கொண்டு வா. மாமியார்ட்ட "டயட்டீஷியன் சொன்னாங்க"ன்னு என் தலைல போட்டுடு.

சும்மா ஒரு டவுட்: வெந்நீர்ல தேன், எலுமிச்சை?

கொழுப்ப கரைக்காது. ஒரு டேபிள்ஸ்பூன் தேன் 60 கலோரி. வெந்நீர் மட்டும் குடிங்க.

தைராய்டு இருக்கு: 22 கிலோ ஏறிட்டேன், எல்லாம் தைராய்டால தான்னு நினைக்கிறேன்.

தைராய்டு கம்மியா சுரந்தா பொதுவா ஒரு 2லேருந்து 5 கிலோ ஏறும், அதுலயும் உப்பும் தண்ணியும்தான் நிறைய. மாத்திரைய காலைல வெறும் வயித்துல ஒழுங்கா போடுங்க, மீதிக்கு சாப்பாட்ட எழுதி அனுப்புங்க, டீய விடாம. நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா அதுவே 150 கலோரி தாண்டும்.

கடைசி கேள்வி: எடைய எப்ப பாக்கணும்? காலைல ஒண்ணு, நைட் ஒண்ணு காட்டுது.

காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு, எதுவும் சாப்பிடாம. முந்தின நாள் கல்யாண வீட்டு சாப்பாடுன்னா உப்புல தண்ணி நின்னு ஒரு கிலோ கூடத்தான் காட்டும், அத பாத்து மதியம் பட்டினி கிடக்காதீங்க, ரெண்டு நாள்ல அதுவா இறங்கிடும்.