“நகையை வித்துட்டியேன்னு அம்மா கத்துறாங்க”: ஆபரேஷனுக்குப் பின் வரும் மனக்குழப்பம்

மதிப்பிற்குரிய டாக்டருக்கு,

அம்மாவுக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மயக்கம் தெளிந்ததும் நன்றாகத்தான் பேசினார். மறுநாள் இருட்டியதும் ஆரம்பித்தது. கட்டில் முழுக்க எறும்பு என்கிறார், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். “என் நகையை வித்துத் தின்னவதானே நீ” என்று வார்டே திரும்பிப் பார்க்க என்னைத் திட்டினார். கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். காலையில் “சாப்பிட்டியாம்மா?” என்கிறார்; ராத்திரி மறுபடியும் அதே கதை.

வீட்டில் பல வருடமாகப் படுக்கும்போது அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை அரை போடுவார். இங்கே அதுவும் இல்லை. தொலைந்துவிடும் என்று காது மெஷினைக்கூட எடுத்து வரவில்லை. நான்கு நாளாக மலம் போகவில்லை. அண்ணன் தூக்க ஊசி போடச் சொல்கிறார். முழு மயக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டது நான். முதுகில் ஊசி போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று குத்திக் காட்டுகிறார். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

— ஒரு மகள்

அன்புள்ள சகோதரி,

இல்லை. நீங்கள் சொல்வதெல்லாம் ‘டெலிரியம்’ என்ற திடீர் மனக்குழப்பத்தோடு பொருந்துகிறது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். இது ஓரிரு நாளில் வந்து, காலையில் தெளிந்து, ராத்திரியில் ஏறும். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன முதியவர்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது, மூளை அதைத் தாங்க முடியாமல் தடுமாறுகிறது. கோளாறைத் தேடிப் பிடிப்பதுதான் வைத்தியம்.

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய மூன்று விஷயங்களில்தான் என் கண் நின்றது. முதலாவது அல்பிரசோலம். வருடக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே இப்படிக் குழப்பும், சிலருக்கு வலிப்புகூட வரும். இன்றைக்கே டியூட்டி டாக்டரிடம் எத்தனை வருடம், என்ன அளவு என்று எழுதிக் கொடுங்கள். நீங்களாக ரகசியமாகக் கொடுத்துவிடாதீர்கள்; திரும்பத் தொடங்குவதா, எப்படிக் குறைப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். அண்ணன் கேட்கும் தூக்க ஊசி வேறு கதை. இந்த மாத்திரைப் பழக்கமோ குடிப்பழக்கமோ இல்லாத முதியவருக்கு அந்த வகை ஊசி பெரும்பாலும் குழப்பத்தைக் கூட்டத்தான் செய்யும்; அம்மாவுக்கு மாத்திரைப் பழக்கம் இருப்பதால் அதையும் டாக்டரே முடிவு செய்யட்டும்.

இரண்டாவது, மலச்சிக்கல். கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் வயது போனவர்களை நிலைகுலைய வைக்க இதுவே போதும். கடுமையான வலி மருந்துகள் இதை இன்னும் இறுக்கும். மூன்றாவது, காது மெஷின். பாதிப் பேச்சுதான் காதில் விழுகிறது என்றால், மீதியை அந்தப் பயந்த மனம் தானே இட்டுக்கட்டிக்கொள்ளும். யாரையாவது அனுப்பி மெஷினையும் மூக்குக் கண்ணாடியையும் இன்று மாலைக்குள் வரவழையுங்கள்.

ரவுண்ட்ஸ் வரும்போது இவற்றையும் கேளுங்கள்: ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, ஆக்சிஜன் அளவு பார்த்தாயிற்றா? சிறுநீரிலோ நெஞ்சிலோ கிருமித் தொற்று உண்டா? யூரின் டியூப் இன்னும் தேவையா? எடுத்தபின் சிறுநீர் முழுதாகப் போகிறதா? வலி அடங்கியிருக்கிறதா? அம்மா ‘வலிக்குது’ என்று சொல்லாவிட்டாலும், திருப்பிப் படுக்க வைக்கும்போது முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். சளி, அரிப்புக்குக் கொடுக்கும் தூக்கம் வரும் மாத்திரை ஏதும் பட்டியலில் இருந்தால் அதையும் சுட்டிக்காட்டுங்கள்.

கை கட்டுவது வெறியைக் கிளப்பும், தோலும் புண்ணாகும். “நாங்கள் ஒருவர் பக்கத்திலேயே உட்காருகிறோம், அவிழ்த்துவிடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். ஊசி போட்ட இடத்தில் பேண்டேஜ் சுற்றி, மேலே முழுக்கை ஜாக்கெட் போட்டு மறைத்தால் பிடுங்குவது குறையும். கட்டிலைத் தாழ இறக்கி வையுங்கள். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் டாக்டர் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் போன்ற மருந்து தரக்கூடும். அம்மாவுக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது ஆகாது.

பகலில் திரையை விலக்கி, பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி நாற்காலியில் உட்கார வையுங்கள். ராத்திரி விளக்கைத் தாழ்த்துங்கள். நள்ளிரவில் பிபி பார்க்க எழுப்புவது அவசியம்தானா என்று சிஸ்டரிடம் கேட்கலாம். பழகிய முகம் ஒன்று இருந்தால் போதும், சொந்தபந்தம் பத்துப் பேர் சூழ நிற்க வேண்டாம்.

நகை விஷயத்தில் வாதாடாதீர்கள், பீரோ சாவியைக் கொண்டுவந்து நிரூபிக்கவும் வேண்டாம். அதற்காக “ஆமாம், எறும்பு ஓடுது” என்று ஒத்து ஊதவும் கூடாது. “எல்லாம் பத்திரமா இருக்கும்மா. ஆஸ்பத்திரியிலே இருக்கோம், நான் பக்கத்துலேயே இருக்கேன்” என்று குரலை உயர்த்தாமல் சொல்லி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழிச்சொல் பயத்தில் வந்தது, உங்கள் மேல் அவருக்கு மனதில் இருந்த எதுவும் வெளியே வந்துவிடவில்லை.

அண்ணனுக்கு ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், முதுகு ஊசி போட்டவர்கள், முழு மயக்கம் பெற்றவர்கள் என இரு தரப்பிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தக் குழப்பம் வந்தது. உங்கள் கையெழுத்தால் வந்த வினை அல்ல. ராத்திரிக் காவலை இருவரும் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் தூங்காத நீங்கள் பொறுமையாகப் பேச முடியாது.

நாளைக்கே அம்மா சத்தமில்லாமல் சுருண்டு படுத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் குழப்பத்துக்கு அமைதியான முகமும் உண்டு, அதைத்தான் வார்டில் கோட்டை விடுகிறார்கள். கிழமைகளை ஞாயிறு, சனி, வெள்ளி என்று பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் நடுவில் தொலைந்துபோனால், அல்லது எழுப்பினாலும் விழிப்பு நிலைக்காவிட்டால், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ தெளியும்; சிலருக்கு மாதங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்து ஒருமுறை ஞாபகசக்திப் பரிசோதனை செய்துவிடுங்கள், ஏற்கெனவே லேசான மறதி ஒளிந்திருந்தால் அப்போது தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டெலிரியம்’ என்று எழுதி வாங்குங்கள். நாளைக்குக் கண்புரை ஆபரேஷன் என்று போனாலும் மயக்க மருந்து டாக்டர் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.