வெள்ளைக் கோட்டு போட்ட பார்பி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மகளுக்கு 5 வயது. பார்பி வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள். வெறும் அலங்காரப் பொம்மையாக இல்லாமல் டாக்டர் பார்பியாக வாங்கித் தந்தால், தானும் டாக்டராக வேண்டுமென்ற ஆசை வராதா? – வாசகி, திருச்சி

பதில்: கோட்டை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 4 முதல் 7 வயதுச் சிறுமிகள் 37 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2014-ல் வெளியானது. சிலர் கையில் ஃபேஷன் உடை பார்பி, சிலர் கையில் டாக்டர் பார்பி, மற்றவர்களிடம் ‘மிஸஸ் பொட்டேட்டோ ஹெட்’ என்ற உருளைக்கிழங்குப் பொம்மை. 5 நிமிடம் விளையாடவிட்டு, 10 வேலைகளைக் காட்டி, “பெரியவளானதும் இதை உன்னால் செய்ய முடியுமா? ஒரு பையனால் முடியுமா?” என்று கேட்டார்கள். பார்பியோடு விளையாடியவர்கள் பையன்களுக்கு ஒதுக்கிய வேலைகள் அதிகம், தங்களுக்கு ஒதுக்கிக்கொண்டவை குறைவு. உருளைக்கிழங்குப் பொம்மை வைத்திருந்தவர்களிடம் இந்த இடைவெளி சிறியதாக இருந்தது. பார்பி டாக்டர் உடையில் இருந்தாலும் ஃபேஷன் உடையில் இருந்தாலும் பதில்கள் மாறவில்லை. 37 பேர், 5 நிமிடம் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் கோட்டு வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒரு கோட்டு, ஒரு ஸ்டெதஸ்கோப், இடுப்புவரை தலைமுடி. 10 நிமிடத்தில் ஸ்டெதஸ்கோப் கட்டிலுக்கடியில் போய்விடும். சீப்பு மட்டும் மிஞ்சும். பார்க்க நோயாளியே இல்லாத டாக்டர் வேறென்ன செய்வாள்? தலைதான் வாரிக்கொள்வாள்.

அதனால் பொம்மைக்கு வேலை கொடுங்கள். ஒரு செருப்புப் பெட்டி கிளினிக் ஆகட்டும். வீட்டிலிருக்கும் கரடி, யானை, உடைந்த கார் என நாலு நோயாளிகள், கிழித்த காகிதத்தில் டோக்கன், ஒரு குட்டி நோட்டு. “எத்தனை நாளாக் காய்ச்சல்? ராத்திரி தூங்கினியா?” என்று பொம்மையின் சார்பில் மகள் கேட்கட்டும், யானைக்காக நீங்கள் பதில் சொல்லுங்கள். நோட்டில் எழுதத் தெரியாவிட்டால் படம் வரையட்டும். பெரியவர்கள் இங்கே செய்யும் தப்பு, பாடம் நடத்த ஆரம்பிப்பது. நடுவில் அவள் முடி வாரப் போனால் சீப்பைப் பிடுங்காதீர்கள். அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்கள், திரும்பி வருவாள்.

கேள்வி: என் 6 வயது மகள் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். பொம்மையைப் பார்த்துத்தானா? – வாசகி, கோவை

பதில்: பொம்மை மட்டும் காரணமாக இருக்காது. அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 5 முதல் 8 வயதுச் சிறுமிகள் 162 பேருக்குப் படக்கதை காட்டிய ஆய்வு 2006-ல் வந்தது. பார்பி படம் பார்த்த சின்னப் பிள்ளைகளுக்கு, பருமனான பொம்மையின் படத்தையோ பொம்மையே இல்லாத படத்தையோ பார்த்தவர்களைவிடத் தங்கள் உடம்பின் மேல் அதிருப்தி கூடியிருந்தது. ஒல்லியாக வேண்டுமென்ற ஆசையும் கூடியிருந்தது. உங்கள் மகள் சரியாக அந்த வயதில் இருக்கிறாள்.

புத்திமதி வேண்டாம், நூலை எடுங்கள். பொம்மையின் உயரம் 11.5 அங்குலம். நிஜ ஆளின் ஆறில் ஒரு பங்கு என்று வைத்தால் 69 அங்குலம், அதாவது 5 அடி 9 அங்குலம். இடுப்பைச் சுற்றி நூல் வைத்து அளந்து ஆறால் பெருக்குங்கள். பழைய வார்ப்பில் 18 அங்குலத்தை ஒட்டி வரும். 1997-க்குப் பிந்தைய பொம்மைகளில் இடுப்பைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள். 18 அங்குல நூலை வளையமாக்கித் தரையில் வையுங்கள், பக்கத்தில் மகளின் இடுப்பளவு நூலையும் வையுங்கள். பெரும்பாலும் மகளின் வளையம்தான் பெரிதாக இருக்கும். வளர்ந்த பெண் என்று விற்கும் பொம்மைக்கு 6 வயதுப் பிள்ளையின் இடுப்புகூட இல்லை என்பதை அவளே கண்ணால் பார்ப்பாள்.

“ஏம்மா இப்படிச் செஞ்சாங்க?” என்று கேட்டால் துணியைக் காட்டுங்கள். பொம்மை சின்னதானாலும் துணியின் தடிமன் குறையாது. பாவாடைப் பட்டையும் மடிப்பும் சேர்ந்தால் இடுப்பு உப்பிப்போகும். அதை ஈடுகட்டத்தான் இடுப்பை ஒடுக்கினோம் என்பது வடிவமைப்பாளர்கள் சொன்ன விளக்கம். ஆனால் எல்லாவற்றையும் துணியின் தலையில் கட்டிவிட முடியாது. 1965-ல் வந்த ‘ஸ்லம்பர் பார்ட்டி’ பார்பியோடு 110 பவுண்டிலேயே நிற்கும் எடை இயந்திரம் ஒன்று வந்தது. 5 அடி 9 அங்குல ஆளுக்கு 50 கிலோ! எடை குறைப்பது பற்றிய குட்டிப் புத்தகமும் கூடவே வந்தது. அதன் அறிவுரை: “சாப்பிடாதே.” குழந்தை விளையாடும் பெட்டிக்குள் இதை வைத்தது பெரிய தவறு.

“நான் குண்டாயிட்டேன்” என்று நீங்கள் கண்ணாடி முன்னால் சொல்வதையும் நிறுத்துங்கள். அது பொம்மையைவிடச் சத்தமாகக் கேட்கும்.

கேள்வி: அப்படியானால் பார்பியே வேண்டாமென்று விடலாமா? – வாசகர், சேலம்

பதில்: வேண்டியதில்லை. மேட்டல் பொம்மை நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரூத் ஹேண்ட்லர் 1959-ல் பார்பியைக் கொண்டுவந்தபோது அமெரிக்கச் சிறுமிகளின் கையில் பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மைகள்தான் இருந்தன. அதை வைத்து அம்மா விளையாட்டுதான் விளையாட முடியும். தன் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளைப் பெரிய பெண்களாக்கி விளையாடியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. 1965-லேயே விண்வெளி உடை பார்பி வந்துவிட்டது. முதல் அமெரிக்கப் பெண்ணாக சாலி ரைடு விண்வெளிக்குப் போனது 1983-ல்தான். ஆனால் இதே மேட்டல் நிறுவனம்தான் 1992-ல் “கணக்கு வகுப்பு கஷ்டம்” என்று பேசும் பார்பியை விற்று, எதிர்ப்பு வந்தபின் அந்த வாக்கியத்தை நீக்கியது.

கேள்வி: சற்றுப் பருமனான ‘கர்வி’ பார்பி வாங்கினேன். மகள் ஓரமாகப் போட்டுவிட்டாள். ஏன்? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: 2016-ல் வந்த உடல் அது. வீட்டிலிருக்கும் பழைய பார்பி உடைகள் அதற்கு ஏறாது. எந்த உடையும் சேராவிட்டால் குழந்தை பொம்மையைத்தான் குறை சொல்லும். பழைய சட்டையின் பின்தையலைப் பிரித்துப் பொம்மைக்கு மாட்டி, நடுவில் விழும் இடைவெளியை அளங்கள். அதோடு பக்கத்துக்கு 3 மி.மீ. தையலுக்காகச் சேர்த்துப் பனியன் துணி ஒட்டுப் போடுங்கள். சாதாரணச் சட்டைத் துணி ஒட்டு இழுபடாது; கை நுழைக்கும்போதே பிரிந்துவிடும். பாதம் தட்டை என்பதால் குதிகால் செருப்பும் சேராது. தட்டைச் செருப்பு வேண்டும். முதல் சட்டைக்கான துணியை மகளே தேர்ந்தெடுக்கட்டும்.