ஸ்காட்லாந்து ஹார்பர் வில்லேஜ்ல தங்குனா என்ன பண்ணலாம்?

ஹார்பர் வில்லேஜ்னா சின்ன கல்லுத் துறைமுகத்த சுத்தி வளந்த மீனவ கிராமம், அவ்ளோதான். ஸ்காட்லாந்தோட கெழக்குப் பக்கம் ஃபைஃப்ங்கிற பகுதியோட கரைல இருக்குற ஆன்ஸ்ட்ரதர எடுத்துக்கோங்க. அங்க பாதி விஷயம் கடலோட ஏத்த வத்தத்துக்கு ஏத்தபடிதான் நடக்கும். நிலா இழுக்குறதால சுமார் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒருக்கா தண்ணி ஏறும், வத்துனா படகெல்லாம் சேத்துல சாஞ்சு கெடக்கும், அதனால பக்கத்துக் கடல்ல இருக்குற மே தீவுங்கிற பறவைத் தீவுக்குப் போற படகு நேரமும் தினம் மாறிட்டே இருக்கும். குழாய்ல தண்ணி வர்ற நேரம் பாத்து குடம் வைக்கிற கதைதான், மொதல்ல டைட் டேபிள, அதாவது கடல் தண்ணி ஏறி வத்துற நேர அட்டவணைய பாத்துட்டு மத்தத பிளான் பண்ணுங்க.

படகு இல்லாத நேரத்துக்கு 1969ல திறந்த மீன்பிடி மியூசியம் இருக்கு. கால்ல தெம்பு இருந்தா கரையோரமாவே க்ரெய்ல்ங்கிற பக்கத்து கிராமம் வரைக்கும் நடக்கலாம், ஆறேழு கிலோமீட்டர்தான், வழில மணற்பாறைய கடல் அரிச்சு உண்டாக்குன கெய்ப்ளி குகைங்க வரும், என்னக் கேட்டா மியூசியத்த விட இதுதான் மேல். சாயங்காலம் ஹார்பர் சுவர்ல உக்காந்து ஃபிஷ் அண்ட் சிப்ஸ், ஆனா ஒரு கை பொட்டலத்து மேலயே இருக்கட்டும், சீகல் கண்ணெதிர்லயே புடுங்கிட்டுப் போயிரும்.

மே தீவு செப்டம்பர் வரைக்கும் திறந்திருக்குன்னு பஃபின் பறவையும் அதுவரைக்கும் இருக்கும்னு நெறய பேரு நெனச்சுக்கிறாங்க, அதுங்க பெரும்பாலும் ஆகஸ்ட் பாதிக்குள்ளயே கடலுக்குக் கெளம்பிரும்.