பினாங்கில் பூடில் நாயை வீட்டிலேயே குளிப்பாட்டினால் முடி சடை பிடிக்கிறதே, ஏன்?
பெரும்பாலும் சிக்கெடுக்காமல் தண்ணீர் ஊற்றுவதுதான் காரணம். சுருள் முடி நனைந்து காயும்போது சிக்கு இன்னும் இறுகிவிடும். குளிப்பாட்டும் முன்பே முடியைக் கையால் பிரித்து, தோல் தெரியும்படி வரிவரியாக ஸ்லிக்கர் பிரஷ் (வளைந்த மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட பிரஷ்) போடுங்கள். பிறகு ஸ்டீல் சீப்பு வேர்வரை தடையில்லாமல் போகிறதா பாருங்கள். பிரஷ் மேலோட்டமாகப் போய் ஏமாற்றும், சீப்பு ஏமாற்றாது. காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில்தான் சடை ஒளிந்திருக்கும். அங்கே கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். சடையோடு தோலும் மேலெழும்பி வெட்டுப்படும். பிரியாத சடைக்கு 10ஆம் நம்பர் பிளேடு (முடியை ஒட்ட வெட்டும் அளவு) போட்ட கிளிப்பர், அதாவது முடி வெட்டும் மின்கருவி, போதும். பிளேடு சூடேறும், அடிக்கடி மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் தானாகக் காயட்டும் என்று விட்டால் அடிமுடி ஈரமாகவே கிடந்து நாற்றம், அரிப்பு வரும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, டிரையரை மிதச்சூட்டில் வைத்து, பிரஷ் போட்டபடியே காயவையுங்கள். முடி வெட்டுவது அதற்குப் பிறகுதான்.