பொம்மையை ஒளிக்க வேண்டாம்

ஆறு வயது மகள் பார்பியைக் காட்டி "எனக்கு மட்டும் ஏன் தொப்பை?" என்று சோற்றை ஒதுக்குகிறாள், பொம்மையை ஒளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் வீண் இல்லை. பிரிட்டனில் 2006-இல் வெளியான ஆய்வில், பார்பி படங்களைப் பார்த்த சிறுமிகளுக்குத் தங்கள் உடல்மீது அதிருப்தி கூடியிருந்தது. 1965-இல் வந்த ஒரு பார்பியோடு எடைக்குறைப்புக் கையேடு வேறு. பின்னட்டையில் 'சாப்பிடாதே' என்றே அச்சிட்டிருந்தார்கள். கொடுமை!

ஆனால் ஒளித்தால் ஏக்கம்தான் கூடும். 2016 முதல் பூசினாற்போன்ற உடல்வாகிலும் பார்பி வருகிறது. அதையும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பழைய பார்பியின் சட்டை அதற்கு ஏறாது. மிச்சத் துணியில் அவளோடு உட்கார்ந்து புதிதாகத் தைத்துப் போடுங்கள். அப்புறம், வீட்டுப் பெரியவர்கள் யாராவது 'குண்டம்மா' என்று கொஞ்சினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சோற்றை ஒதுக்குவது தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.