வயது ஏற ஏற நண்பர்கள் குறைந்துகொண்டே போவது ஏன்?

குறைவது உண்மைதான். ஆனால் அது முழுக்க நஷ்டக் கணக்கு அல்ல. இனி இருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று உணரும்போது மனிதர்கள் மேலோட்டமான பழக்கங்களைத் தாங்களே கழித்துவிட்டு, மனசுக்கு நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்கிறார் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தால் பரிதாபப்பட வேண்டாம்; பெரும்பாலும் தப்பித்து வந்திருப்பார்.

புது ஆளைப் பிடிப்பதும் லேசில்லை. நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து பழக வேண்டும் என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்குச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அது தானாக வந்துவிடும். ரிட்டையரான பிறகு, மூட்டுவலியோடு, 200 மணி நேரத்துக்கு எங்கே போவது?

அதனால்தான் பழைய ஆளையே கட்டிக்கொண்டு அழுகிறோம். கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் களியக்காவிளையில் ஒரு சாயாக்கடை. உள்ளூர்ப் பெரியவர் ஒருவரும் பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வரும் அவர் கூட்டாளியும் அங்கே ஆஜர். பேச்சு, எப்போதோ ஆடிய கால்பந்து. "அந்தக் கோல் நீ அடிக்கவே இல்ல மக்கா" என்று ஆரம்பித்தால் கட்டன் சாயா ஆறிப்போகும். 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள்தான் முதுமையில் அதிகம் மேலே வரும் என்கின்றன நினைவாற்றல் ஆய்வுகள். அந்தக் கோலுக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி எதிரே உட்கார்ந்து மறுக்கிறார். அவரைப் பகைக்க முடியுமா? சாயாக் காசு கொடுக்கும்போது மட்டும் இருவருக்கும் மறதி.